வன்னியில் வைக்கோல் எரிகிறது, பசளைக்கு வரிசை நீள்கிறது

மாசி, பங்குனி மாதங்களில் வன்னியின் வயல்வெளிகளில் புகை எழும். காலபோக அறுவடை முடிந்து, வெட்டு மெசின் விட்டுச்சென்ற வைக்கோலுக்கு நெருப்பு வைக்கப்படுகிறது. அக்கராயன், உருத்திரபுரம், கண்டாவளை, முத்தையன்கட்டு, ஓமந்தை என்று பல இடங்களிலும் இதே காட்சிதான். நெருப்பு வைத்த அதே விவசாயி எட்டு மாதம் கழித்துக் கமநல சேவை நிலையத்தின் முன்னால் பசளைக்காக வரிசையில் நிற்கிறார். அந்த நெருப்புக்கும் அந்த வரிசைக்கும் உள்ள தொடர்பை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் கமக்கார அமைப்புகள் சிலவற்றோடு மண்வளம் தொடர்பான வேலைகளில் ஈடுபட்டு வருகிறேன். கூட்டங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "தம்பி, என்ன பசளை போட்டால் பயிர் எழும்பும்?" என்பதுதான். பதில் சொல்லுமுன் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்குவது எனது வழக்கம். ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அதன் சுவரைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். மேலே ஒரு சாணுக்கும் குறைவாகக் கொஞ்சம் கறுத்த மண். அதற்குக் கீழே சிவந்து இறுகிய மண், பல இடங்களில் குறுணிக்கல். வேர்களில் பெரும்பகுதி அந்த மேல் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எங்கள் சோறு அந்த ஒரு சாணில் இருந்துதான் வருகிறது.

வன்னியின் மேட்டுப்பாங்கான நிலங்களில் பெரும்பாலும் இருப்பது செங்கபில மண். காய்ந்தால் கல்லுப்போல இறுகும், நனைந்தால் காலில் அப்பும். உழுவதற்குப் பதமான ஈரம் சில நாட்கள்தான் நிற்கும். குளங்களுக்குக் கீழான பள்ள வயல்களில் சாம்பல் நிறக் களி கலந்திருக்கும். ஆற்றோரங்களில் வண்டல். இரணைமடு, மாங்குளம் பக்கங்களில் ஆழமான சிவப்பு மண் உண்டு. அதில் நீர் இலகுவாக வடியும், போட்ட ஊட்டமும் நீரோடு கீழே போய்விடும். பூநகரிக் கரையோரத்தில் உவர்.

இந்த மண்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சேதனப் பொருள் போதாது. உக்கிய இலை, வேர், சாணம், செத்த புழு பூச்சி எல்லாம் சேர்ந்ததுதான் சேதனப் பொருள். மண்துணிக்கைகளை ஒட்டவைக்கும் பசையும் அதுதான், மழைநீரைப் பிடித்து வைக்கும் பஞ்சும் அதுதான். யூரியாவில் இருந்து வரும் நைதரசனைக் கழுவுப்பட்டுப் போகாமல் தாங்குவதிலும் அதற்குப் பங்குண்டு. உலர்வலய மண்ணில் அது பொதுவாக நூற்றுக்கு இரண்டு வீதத்துக்கும் குறைவு. குளிரான மலைநாட்டில் ஆறுதலாக உக்குகிற குழை, இங்குள்ள வெக்கையில் சில மாதங்களில் கரைந்துவிடும். ஆகவே வன்னியில் சேதனப் பொருளை ஒருமுறை போட்டுவிட்டு இருந்துவிட முடியாது. வருடா வருடம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போடாத வருடமெல்லாம் மண் தன் கையிருப்பைத் தின்கிறது.

அணை நின்ற கோடு

எங்கள் மண்ணின் கதையில் போரைத் தாண்டிப் போக முடியாது. 2008, 2009 காலத்தில் வன்னியில் மண் அணைகள் கிலோமீற்றர் கணக்கில் எழுப்பப்பட்டன. அணைக்கான மண் வேறெங்கிருந்தும் வரவில்லை. பக்கத்து வயலினதும் தோட்டத்தினதும் மேல்மண்தான் வழித்தெடுக்கப்பட்டது. பதுங்குகுழி வெட்டாத வளவு இல்லை. ஒவ்வொரு குழியும் கீழ்மண்ணை மேலே கொண்டுவந்தது. கனரக வாகனங்கள் ஓடிய இடங்களில் மண் இறுகியது. 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் அணைக்கட்டு உடைக்கப்பட்டு வெள்ளம் பாய்ந்ததும் அந்தப் பகுதி மக்களுக்கு மறந்திருக்காது.

மீள்குடியேறியவர்கள் அணைகளைத் தட்டி நிரவினார்கள், குழிகளை மூடினார்கள். வேறு வழியில்லை. ஆனால் அந்த நிரவலில் மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலந்துவிட்டன. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு வயலில், நல்ல பச்சைக்கு நடுவே ஒரு பட்டி மட்டும் மஞ்சளாக நீளத்துக்கு ஓடியது. வயற்காரர் அந்தப் பட்டிக்கு மட்டும் இரண்டு மடங்கு யூரியா எறிந்துகொண்டிருந்தார். மஞ்சள் மாறவில்லை. அந்தப் பட்டி அணை நின்ற கோடு. அங்கே மேலே கிடந்தது கீழ்மண். யூரியாவைப் பிடித்து வைத்திருக்க அதில் எதுவும் இல்லை. அந்த இடத்துக்கு எருவும் வைக்கோலும் கொஞ்சம் குளத்து வண்டலும் மூன்று நான்கு வருடம் தொடர்ந்து போக வேண்டும். அவருக்கு அது அன்று நல்ல செய்தியாக இருக்கவில்லை.

இன்னுமொன்றைச் சொல்லிவிட வேண்டும். நெடுநாள் பாவிக்காமல் கிடந்த காணியைத் துப்புரவாக்கும்போது பற்றைக்கும் குப்பைக்கும் நெருப்பு வைப்பது வன்னியில் மண்வளப் பிரச்சினை மட்டுமில்லை. வெடிக்காத குண்டுகள் நெருப்பில் வெடித்து ஆட்கள் காயப்பட்ட செய்திகளை நாங்கள் எல்லோரும் வாசித்திருக்கிறோம். கூட்டெருக் குழி வெட்டும்போது சந்தேகமான எது தட்டுப்பட்டாலும் கையை எடுத்துவிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

இரண்டு தடைகள்

வன்னி விவசாயி பசளை இல்லாத காலத்தை இரண்டு தடவை கண்டிருக்கிறார். முதலாவது, 1990களின் பொருளாதாரத் தடை. வெடிபொருள் செய்யலாம் என்ற காரணம் காட்டி யூரியா உள்ளிட்ட பசளைகள் வன்னிக்குள் வருவது தடுக்கப்பட்டது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின்னர்தான் அது தளர்ந்தது. இரண்டாவது, 2021இல் கோத்தாபய ராஜபக்ச அரசாங்கம் கொண்டுவந்த தடை. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஒரே போகத்தில் முழு நாடும் சேதன விவசாயத்துக்கு மாற வேண்டும் என்பது திட்டம். நவம்பர் 24ஆம் திகதி தடை நீக்கப்பட்டது, ஆனால் அதற்குள் காலபோக விதைப்பு முடிந்திருந்தது. நாட்டின் நெல் உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்து 2022இல் ஏறத்தாழ 34 இலட்சத்துக்கு இறங்கியது. பிறகு டொலர் நெருக்கடி வந்து, 2022இல் ஒரு மூடை யூரியா 40,000 ரூபாவரை விற்கப்பட்டது. 2005இன் கடைசியில் தொடங்கிய மானியத் திட்டத்தில் அதே 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்பார்கள். தடைக்காலத்தில் யூரியா இல்லாமலே நாங்கள் விதைத்தோம், பட்டினியால் சாகவில்லை. 2021இல் மட்டும் ஏன் இப்படி விழுந்தோம்? நியாயமான கேள்வி. தடைக்காலத்து விளைச்சலும் குறைவுதான், அதை இப்போது பொற்காலமாக்கத் தேவையில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. காட்டுக்குழை வெட்ட இடம் இருந்தது. ஒரு போகம் விதைத்துவிட்டு நிலத்தை ஆறப்போட முடிந்தது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற, குறைந்த ஊட்டத்திலும் ஏதோ தருகிற நெல்லினங்கள் கையில் இருந்தன. 2021இல் வயலில் நின்றது பசளைக்குப் பழக்கப்பட்ட புது இனங்கள். மாடு பலரிடம் இல்லை. வைக்கோல் மாசியிலேயே எரிந்து முடிந்திருந்தது. மே மாதம் அரசாங்கம் "கூட்டெரு போடுங்கள்" என்றபோது கூட்டெருவுக்கான மூலப்பொருள் சாம்பலாகிக் காற்றோடு போய் மூன்று மாதம்.

சேதனப் பசளை என்ற சொல்லே அதற்குப் பிறகு வன்னியில் கெட்டுப்போனது. நான் கூட்டத்தில் அந்தச் சொல்லை எடுத்தாலே சிலர் எழும்பிப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆதலால் இப்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் கணக்கோடு தொடங்குகிறேன்.

ஒரு ஏக்கரின் கணக்கு

நீர்ப்பாசன நெல்லுக்கு விவசாயத் திணைக்களம் உலர்வலயத்துக்குச் சொன்ன அளவு ஹெக்டேயருக்கு 225 கிலோ யூரியா, 55 கிலோ ரி.எஸ்.பி., 60 கிலோ எம்.ஓ.பி. என்ற அளவில் இருந்தது. ஏக்கருக்குப் பார்த்தால் ஏறத்தாழ 90 கிலோ யூரியா. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். எனவே ஒரு ஏக்கருக்கு 41 கிலோ நைதரசன் போகிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் இருந்தால் பெரிய விசயம். அதே 41 கிலோவைக் கூட்டெருவால் கொடுப்பதானால் நாலு தொன்னுக்கு மேல் வேண்டும், அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மூன்று ஏக்கர் வயல் உள்ள குடும்பம் பன்னிரண்டு தொன்னுக்கு எங்கே போகும்? ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்துக் கிலோ பச்சைச் சாணம் போடும். அதில் இரவில் பட்டியில் விழுவதை மட்டும்தான் எடுக்க முடியும். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு மாட்டிலிருந்து கிடைக்கும் நைதரசன் எட்டு, ஒன்பது கிலோ. ஒரு ஏக்கருக்கே நாலைந்து மாடு வேண்டும்.

2021 தடை ஏன் தோற்றது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. யூரியாவே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லாததும் இதனால்தான். இன்றைய இனங்களோடு, இன்றைய மாட்டுக் கணக்கோடு, யூரியா இல்லாமல் வன்னி வயல் குடும்பத்தைக் காப்பாற்றாது.

இப்போது வைக்கோலுக்கு வருவோம். இரண்டு தொன் நெல் விளைந்த ஏக்கரில் ஏறத்தாழ இரண்டு தொன் வைக்கோல் கிடக்கும். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைதரசன் இருக்கிறது. பொட்டாசியம், பசளைக் கணக்கில் சொன்னால், 14 முதல் 20 கிலோ. நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்மணியில் இல்லை, வைக்கோலில்தான் நிற்கிறது. இரண்டு தொன்னை எரித்தால் அதிலிருந்த நைதரசன் அநேகமாக முழுவதும் புகையாகப் போகும். 10 முதல் 16 கிலோ நைதரசன் என்றால் 22 முதல் 35 கிலோ யூரியா, கிட்டத்தட்ட அரை மூடை. பொஸ்பரசில் காற்பங்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அதோடு போய்விடும். மிச்சப் பொட்டாசியம் சாம்பலில் இருக்கிறதே என்று கேட்பார்கள். மெசின் வரிசையாக விட்ட வைக்கோல் வரிசையாகவே எரிகிறது, சாம்பல் அந்தக் கோடுகளில் மட்டும் கிடக்கிறது, சோளகக் காற்றும் முதல் மழையும் மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகின்றன. வைக்கோல் முழுவதும் வயலிலேயே உக்கினால் அந்த ஏக்கருக்கு 28 முதல் 40 கிலோ பொட்டாசியம் திரும்பக் கிடைக்கும். திணைக்களம் சொன்ன எம்.ஓ.பி. அளவிலோ ஏக்கருக்கு 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது. அதாவது எம்.ஓ.பி. மூடைக்கு நாங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி, எங்கள் வயலிலேயே கிடந்து எரிக்கப்பட்டதைத் திரும்ப வாங்குவதற்காகப் போகிறது.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் கூட்டம் அமைதியாகிவிடும். ஆனாலும் அடுத்த மாசியில் பாதிப் பேர் எரிப்பார்கள். அவர்கள் விளங்காமல் எரிப்பதில்லை, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

ஏன் எரிக்கிறார்கள்

முன்னர் அறுத்து, சூடு வைத்து, களத்தில் அடித்து, வைக்கோலைப் போராக்கி வைத்தார்கள். அது மாட்டுக்குப் போனது, மாட்டிடமிருந்து சாணமாக வயலுக்குத் திரும்பியது. வெட்டு மெசின் வந்ததும் வைக்கோல் வயல் முழுக்க நீள நீளமாகக் கிடக்கிறது. உழவு இயந்திரத்தின் கலப்பையில் சுற்றிக்கொள்கிறது. உழவுகாரர் மணித்தியாலக் கணக்குக்கு வருபவர், வைக்கோல் கிடக்கும் வயலென்றால் கூலியைக் கூட்டிக் கேட்பார். சிறுபோகம் உடனே விதைக்கக் கிடைத்தவர்களுக்கு நாளும் இல்லை. சிலருக்கு வேறொரு அனுபவம்: ஒருமுறை எரிக்காமல் உழுது உடனே விதைத்தார்கள், இளம்பயிர் மஞ்சளித்து நின்றது, அன்றோடு வைக்கோலைக் கண்டாலே பயம்.

அந்த மஞ்சளுக்குக் காரணம் இருக்கிறது. வைக்கோலில் நைதரசனைப்போல அறுபது மடங்குக்கு மேல் காபன் உண்டு. அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உடம்பை வளர்க்க நைதரசன் வேண்டும். வைக்கோலில் போதாததை மண்ணில் இருந்து இழுத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து விதைத்தால் பயிரும் நுண்ணுயிரும் ஒரே நைதரசனுக்குப் போட்டி போடும். மூன்று கிழமை கழித்து நுண்ணுயிர்கள் செத்து அந்த நைதரசனைத் திருப்பித் தரத் தொடங்கும். ஆகவே வேண்டியது இடைவெளி. காலபோகம் மட்டும் விதைக்கும் வயல்களில் இது இலகு. அறுவடை முடிந்த கிழமையிலேயே வைக்கோல் வரிசைகளைக் கலைத்துப் பரவிவிடுங்கள். வெயிலும் மாடுகளின் கால்களும் அதை நொறுக்கும். ஆவணி, புரட்டாதியில் விழும் முதல் மழை ஈரத்தோடு உழுது புரட்டிவிட்டு மூன்று கிழமை விட்டு விதையுங்கள். ஒரு மனித நாள், இரண்டு மனித நாள் செலவு.

சிறுபோகத்துக்கு உடனே இறங்குகிறவர்களுக்கு இது சரிவராது. இரணைமடுவின் கீழ் சிறுபோகக் கூட்டத்தில் பங்கு தீர்மானிக்கப்பட்டுத் தண்ணீர் திறக்கும் நாள் வந்துவிட்டால் யாரும் மூன்று கிழமை காத்திருக்கமாட்டார்கள். அங்கே வைக்கோலை வரம்போரத்தில் குவித்து, இடையிடையே சாணக் கரைசலும் பச்சைக்குழையும் போட்டு, காயவிடாமல் நனைத்து, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டரை, மூன்று மாதத்தில் கூட்டெருவாகும். வேலை கூடியதுதான், மறைக்கவில்லை. தனியாக ஒரு பெண் வயலையும் பிள்ளைகளையும் பார்க்கிற வீட்டில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வராது. அப்படியான வீடுகள் வன்னியில் குறைவில்லை. அங்கே மாட்டுக்காரரோடு ஒப்பந்தம் பேசுவது நல்லது: வைக்கோலை அவர் எடுக்கட்டும், பதிலுக்கு விதைப்புக்கு முன்னர் சில இரவுகள் மாடுகளை அந்த வயலில் பட்டி அடைக்கட்டும். சாணத்தோடு சலமும் நேரே மண்ணுக்குள் போகும். சாணத்தை அள்ளிக் காயவைத்து ஏற்றி வருவதைவிட இதில் இழப்புக் குறைவு.

மாடு என்று சொல்வது சுலபம். 2009இல் வன்னி மாடுகளுக்கு என்ன நடந்தது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டவிழ்த்துவிட்டு நடந்தவர்கள் நீங்கள். மீண்டும் பட்டி சேர்த்தவர்களுக்கு இன்று மேய்ச்சல் தரை இல்லை. பழைய மேய்ச்சல் நிலங்கள் சில வனத்துறையின் எல்லைக்குள், சில படைமுகாமுக்குள், சில குடியேற்றத்துக்குள் போய்விட்டன. காலபோகத்தில் மாடு வயலுக்குள் இறங்கினால் சண்டை. ஒவ்வொரு பிரதேச செயலகக் கூட்டத்திலும் மேய்ச்சல் தரை பேசப்படுகிறது. மண்வளத்தையும் அந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். மேய்ச்சல் தரை இல்லாமல் எரு இல்லை.

குழைக்கு யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். மாட்டெரு போதாத சின்னத் தோட்டங்களில் அவர்கள் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தார்கள், சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். வன்னியில் சணலுக்கு வயல் நிறைய உண்டு. சீமைக்கிளுவை என்று சொல்லும் கிளிசரியா வேலிக்கு நட்டாலே போதும், தடி முறித்து நட்டால் வரும், மாடு தின்னும், உலர்ந்த இலையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் நைதரசன். இலங்கையில் அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்றே அறிவித்திருக்கிறார்கள். வவுனியாப் பக்கத்தில் உழுந்து, கிளிநொச்சியில் காலபோகத்துக்குப் பின்னர் மிச்ச ஈரத்தில் பயறு, விசுவமடுவில் கச்சான் என்று அவரைக்குடும்பப் பயிர்கள் எங்கள் பழக்கத்தில் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றில் இருந்து நைதரசனைப் பிடிக்கும். ஆனால் கச்சானை வேரோடு பிடுங்கி, கொடியையும் வெளியே கொண்டுபோனால் மண்ணுக்கு மிஞ்சுவது குறைவு. கொடியை மாட்டுக்குப் போட்டாலும் அந்த எரு திரும்பி வரவேண்டும்.

மண் ஓடுவது

மேட்டுநிலத் தோட்டங்களில் பிரச்சினை வேறு. வன்னி தட்டையான நிலம், இங்கே மண்ணரிப்பு இல்லை என்று நினைக்கிறோம். ஐப்பசி முதல் மழைக்கு வீதியோர வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். அந்தச் சிவப்பு எங்கள் மேல்மண். எங்கள் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை சில மாதங்களுக்குள் கொட்டுகிறது, அதுவும் நிலம் உழுது வெறுமையாகக் கிடக்கும் நேரத்தில் தொடங்குகிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளம் போன்ற ஒன்று வந்தால் பல வருடத்து மண் ஒரு இரவில் போகும். சரிவுக்குக் குறுக்கே வரம்பு கட்டி, அதன்மேல் கிளிசரியா நட்டு, உழவைச் சரிவோடு ஓட்டாமல் குறுக்கே ஓட்டினால் ஓட்டம் தணியும். உழவு இயந்திரக்காரருக்குக் குறுக்கே ஓட்டுவது பிடிக்காது, அடிக்கடி திருப்ப வேண்டும். பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஓடிய மண் குளத்தில் சேர்கிறது. கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு ஏற்றுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமோ நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ அனுமதி எடுத்து, அணைக்கட்டின் அடியைத் தோண்டாமல், களி வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். வண்டல் என்ற பெயரில் மணல் ஏற்றும் டிப்பர்களைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஆற்றில் மணல் போனால் கரை இடிகிறது, பக்கத்துக் கிணற்று நீர் இறங்குகிறது. 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புக்கென்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. இரவில் ஓடும் டிப்பருக்கு அது தெரிவதில்லை.

மண் பரிசோதனை பற்றிச் சுருக்கமாக. வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோவைக் கொடுங்கள். வரம்போரம், எருக்குவியல் கிடந்த இடம், வைக்கோல் எரித்த கோடு ஆகியவற்றைத் தவிருங்கள். உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியர் வழி சொல்வார். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, மாணவர்கள் ஆய்வுக்கு வயல் தேடி வரும்போது கதவைத் திறந்து விடுங்கள்.

யாருடைய காணி

இவ்வளவும் தெரிந்த பிறகும் எரிக்கிற ஒருவரைப் பல தடவை சந்தித்திருக்கிறேன். அவர் குத்தகைக்காரர். இந்தப் போகம் இந்த வயல், அடுத்த போகம் யாருக்கோ. வைக்கோலைப் பரவி உக்கவைத்தால் பலன் அடுத்து வருகிறவருக்கு. எரித்தால் உழவுக்கூலி மிச்சம், அது இன்றைக்கே அவர் கையில். அவருடைய இடத்தில் நின்று பார்த்தால் எரிப்பது புத்திசாலித்தனம். மண்வளம் மூன்று நாலு வருடத்தில் பலன் தருகிற வேலை. மூன்று நாலு வருடம் அந்தக் காணியில் தான் இருப்பேன் என்று தெரியாதவர் அதைச் செய்யமாட்டார்.

வன்னியில் அந்த உறுதி பலருக்கு இல்லை. காணி அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்தவர்கள் இருக்கிறார்கள். பத்திரம் இறந்துபோன அல்லது காணாமலாக்கப்பட்ட கணவரின் பெயரில் இருக்க, பயிர் செய்வது மனைவியாக இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசுரிமைக்கு ஆண்களை முன்னுரிமைப்படுத்திய ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. கேப்பாப்புலவு மக்கள் தங்கள் காணிக்காகப் படைமுகாம் வாசலில் 2017இலிருந்து உட்கார்ந்ததை உலகம் கண்டது. இவர்களிடம் போய்ச் சேதனப் பொருள் பற்றி வகுப்பு எடுப்பதில் எனக்குச் சில நாட்களில் கூச்சம் வருவதுண்டு.

ஆனால் குத்தகை விசயத்தில் நாங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அது புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு. வன்னியில் குத்தகைக்குப் போகும் வயல்களில் கணிசமானவற்றின் சொந்தக்காரர்கள் கனடாவிலும் இலண்டனிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வாய்ப்பேச்சில், ஒவ்வொரு போகத்துக்கும் தனித்தனியாக, கூடக் காசு சொன்னவருக்குக் கொடுக்கிறார்கள். இதற்கும் காரணம் உண்டு: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் நெற்காணியில் பயிர் செய்யும் குத்தகையாளருக்குச் சில பாதுகாப்புகளைக் கொடுக்கிறது. நீண்ட நாளைக்குக் கொடுத்தால் காணி கைவிட்டுப் போகும் என்ற பயம் சொந்தக்காரருக்கு. அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தின் நடைமுறைகளும் இருக்கின்றன. சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு, என்ன காணி, என்ன உரிமை என்று தெளிவாக்கி, எழுத்தில் மூன்று நான்கு வருடத்துக்குப் பேசிக்கொள்ள முடியும்.

வட்டக்கச்சிப் பக்கத்தில் ஒரு வயலுக்கு அப்படிப் பேசினோம். சொந்தக்காரர் வெளிநாட்டில், செய்பவர் உள்ளூர்க்காரர். நான்கு காலபோகம். வைக்கோல் எரிப்பதில்லை. குத்தகை நெல்லில் ஏக்கருக்கு இரண்டு மூடையை அவர் விட்டுக்கொடுக்கிறார், அந்தப் பெறுமதிக்கு இவர் எரு ஏற்ற வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் மண் பரிசோதனை, செலவு ஆளுக்குப் பாதி. முதல் காலபோகத்தில் விளைச்சல் பக்கத்து வயலோடு சமமாகத்தான் வந்தது, கூடவில்லை. இரண்டாவது காலபோகத்தில் யூரியாவை ஏக்கருக்குப் பதினைந்து கிலோ குறைத்துப் போட்டார், விளைச்சல் குறையவில்லை. இன்னும் இரண்டு காலபோகம் இருக்கிறது. உழவுகாரர் மட்டும் வைக்கோலுக்குச் சேர்த்துக் கேட்கும் கூலியை இதுவரை குறைக்கவில்லை.